ஹைடாடிட் கட்டி: ஒருவருக்கு உடனடிச் சிகிச்சை, மற்றவருக்குக் காத்திருப்பு ஏன்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே நாளில் இரு குடும்பத்தினரைச் சந்தித்தோம். முதலாமவர் இருபத்தெட்டு வயது இளைஞர்; அவருடைய கல்லீரலின் வலப்பகுதியில் ஏழு சென்டிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி இருந்தது. இரண்டாமவர் அறுபத்துநான்கு வயது அம்மையார். பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, ஏறத்தாழ அதே அளவுள்ள ஒரு கட்டி அவருடைய கல்லீரலில் தற்செயலாகத் தென்பட்டது. இருவரின் அறிக்கையிலும் 'ஹைடாடிட் கட்டி' என்றே எழுதியிருந்தது. இளைஞரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டோம். அம்மையாரை ஆறு மாதம் கழித்து வருமாறு கூறினோம்.

வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தபோது இரு குடும்பத்தாரும் பேசிக்கொண்டனர் போலும். சற்று நேரத்தில் அம்மையாரின் மகன் மீண்டும் உள்ளே வந்தார். "டாக்டர், அந்தத் தம்பிக்கும் இதே கட்டிதானாம். அவருக்கு உடனே வைத்தியம் பார்க்கிறீர்கள். எங்கள் அம்மாவை மட்டும் ஏன் அப்படியே விடச் சொல்கிறீர்கள்? வயதாகிவிட்டது, இனிச் செய்து என்ன பயன் என்றா?" என்று கேட்டார். குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

கேள்வி நியாயமானது. அன்று சில நிமிடங்களில் நாங்கள் கூறிய விடை போதுமானதன்று. எனவே இங்கு விரிவாக எழுதுகின்றோம். இவ்விடை எங்கள் மருத்துவமனையில் விளைந்ததன்று என்பதையும் முதலிலேயே கூறிவிட வேண்டும். ஆடு வளர்க்கும் நாடுகள் பலவற்றின் அறுவை மருத்துவர்களும், கதிரியல் வல்லுநர்களும், கால்நடை மருத்துவர்களும், ஒட்டுண்ணி ஆய்வாளர்களும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடிப் பேசி, தத்தம் படங்களையும் தவறுகளையும் ஒருவர்முன் ஒருவர் வைத்து வாதிட்டு, சிறிது சிறிதாகப் பெற்ற விடை இது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்த நாடாப்புழுக்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்று எக்கினோகாக்கஸ். வளர்ந்த புழுவின் நீளம் சில மில்லிமீட்டர் மட்டுமே. ஓர் அரிசி மணியளவுதான் இருக்கும். அது வாழுமிடம் நாயின் சிறுகுடல். அதனால் நாய்க்குப் பெரிதாகத் துன்பம் எதுவும் நேர்வதில்லை. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லிலும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. மேயும் ஆடு அவற்றை விழுங்கினால், அதன் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர் நிரம்பிய கட்டிகள் தோன்றுகின்றன. அந்த ஆட்டை அறுத்து, கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிந்தால், கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய புழுத்தலைகள் நாயின் குடலில் மீண்டும் புழுக்களாகின்றன. நாயிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து நாய்க்கு என்பதே இப்புழுவின் வாழ்க்கைச் சுற்று. மனிதன் இச்சுற்றில் தவறி விழுந்தவன். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும்போதோ, கழுவாத கீரை, காய்களின் வழியாகவோ முட்டை நம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஆட்டின் உடலில் வளரும் அதே கட்டி நம் உடலிலும் வளர்கிறது. பத்தில் ஏழு பேருக்குக் கல்லீரலிலும், இருவருக்கு நுரையீரலிலும், எஞ்சியோருக்குப் பிற உறுப்புகளிலும் அது அமைகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 'ஆட்டுக்கறி சாப்பிட்டதால் வந்தது' என்று நோயாளிகள் பலர் எண்ணுகின்றனர். சிலர் குடும்பத்தோடு கறியை விட்டுவிடுவதும் உண்டு. கறியால் இந்நோய் வருவதில்லை. கட்டியுள்ள ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு வரும். அந்த நாயின் மலத்திலுள்ள முட்டையால்தான் நமக்குக் கட்டி வரும். பிறந்தது முதல் சைவ உணவே உண்டவர்களிடமும் இக்கட்டியைக் கண்டிருக்கின்றோம். அதுபோலவே, கட்டி உள்ளவரிடமிருந்து வீட்டிலுள்ள மற்றவருக்கு இது தொற்றாது. தட்டு, தம்ளரைத் தனியே வைக்கத் தேவையில்லை.

இந்நோயால் பெரிதும் வருந்தியவை, மனிதரைவிட ஆடுகள் பன்மடங்கு மிகுந்த நாடுகள். தென் அமெரிக்காவின் உருகுவே அவற்றுள் ஒன்று. அந்நாட்டின் கொலோனியா நகரில் 1941-ஆம் ஆண்டு, உலகின் பெரும்பகுதி போரில் மூழ்கியிருந்த காலத்தில், இந்த ஒரு நோய்க்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று அது உலக எக்கினோகாக்கோசிஸ் சங்கம் என வழங்குகிறது. அதன் மாநாடுகள் நடந்த ஊர்களைப் பார்த்தாலே நோயின் வரைபடம் கிடைத்துவிடும்: 2011-இல் சீனாவின் உரும்சி, 2015-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட், 2017-இல் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ், 2019-இல் பெருவின் லிமா. எல்லாம் ஆட்டுமந்தைகளும் காவல் நாய்களும் நிறைந்த நாடுகள். மருத்துவ மாநாடு என்றால் ஒரே துறையினர் கூடுவதே வழக்கம். இங்கோ அறுவை மருத்துவர் அமரும் வரிசையில் ஆட்டு மருத்துவரும் அமர்கிறார். ஒருவர் வெட்டியெடுக்கும் கட்டி, மற்றவர் தடுக்கத் தவறிய கட்டி என்பதை இருவருமே அறிவர்.

இவர்கள் தீர்க்க வேண்டியிருந்த முதல் சிக்கல், கட்டியைத் தொடலாமா என்பது. பிரெஞ்சு மருத்துவர் ஃபெலிக்ஸ் தெவே 1901-ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை நிறுவியிருந்தார். கட்டி உடைந்து அதன் நீர் வயிற்றறைக்குள் சிந்தினால், அந்நீரிலுள்ள ஒவ்வொரு புழுத்தலையும் ஒரு புதிய கட்டியாக வளரக்கூடும். சிந்திய நீரால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. ஆகவே ஊசியால் குத்தக் கூடாது, வயிற்றைத் திறந்து முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. எங்களில் மூத்தவர்கள் பயின்ற நாளிலும் 'கண்டால் எடு' என்றே கற்பித்தனர். எடுத்தவற்றுள் எடுக்காமலே விட்டிருக்கக்கூடியவை எத்தனை என்று இன்று எண்ணிப் பார்க்கையில் எங்களுக்கு உறுத்தல் ஏற்படாமல் இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது அல்ட்ராசவுண்ட் கருவி. துனிசியாவைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் கார்பியும் அவருடைய குழுவினரும் 1981-இல், கல்லீரல் ஹைடாடிட் கட்டிகள் ஸ்கேனில் ஐந்து வகையாகத் தோன்றுவதை விளக்கி எழுதினர். அதன்பின் ஸ்கேன் கருவி மருத்துவமனையை விட்டு வெளியே போனது. கென்யாவின் துர்க்கானா மக்களிடையேயும், அர்ஜென்டினாவின் ரியோ நீக்ரோ மாநிலத்திலும் நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஊர் ஊராகச் சென்று ஸ்கேன் செய்தனர். வயிற்றுக்குள் கட்டி இருப்பதை அறியாமலே பலர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் அறுவைக்கு உட்படாதவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பான்மையோருக்கு எத்தொல்லையும் நேரவில்லை. சிலருடைய கட்டிகள் மருந்தே இல்லாமல் தாமாகச் சுருங்கிக் கெட்டிப்பட்டன. கட்டிக்கும் பிறப்பு, வளர்ச்சி, முதுமை, இறப்பு உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று. அம்மையாரின் மகன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு நாட்டாரும் கட்டிகளைத் தத்தம் முறையில் வகைப்படுத்தினர். ஒருவர் 'இரண்டாம் வகைக் கட்டிக்கு மருந்து நன்றாக வேலை செய்தது' என்பார். மற்றவர் 'இல்லையே, எங்களிடம் இரண்டாம் வகை மருந்துக்கு அசையவே இல்லை' என்பார். இருவரும் உண்மையே கூறினர். ஆனால் வேறு வேறு கட்டிகளைப் பற்றிக் கூறினர். இதைத் தீர்க்க, உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் எக்கினோகாக்கோசிஸ் பணிக்குழு 2003-இல் ஒரு பொது வகைப்பாட்டை வெளியிட்டது. அதில் கட்டிகள் தோற்றத்தை மட்டும் கொண்டு அல்லாமல், வாழ்க்கைப் போக்கைக் கொண்டும் வரிசைப்படுத்தப்பட்டன. இன்று எங்கள் மருத்துவமனை அறிக்கைகளில் நீங்கள் காணும் 'சி.இ.' என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்த எண்ணும் இவ்வகைப்பாட்டையே குறிக்கும்.

சி.இ.1 என்பது தெளிந்த நீர் நிரம்பிய ஒற்றைப் பை. உயிர்ப்புள்ள, வளரும் கட்டி. சி.இ.2-இல் பெரிய பைக்குள் சிறு சிறு சேய்க்கட்டிகள் தேனடைபோல் நிறைந்திருக்கும், இதுவும் உயிர்ப்புள்ளது. சி.இ.3 இடைநிலை. அதில் 'ஏ' என்பது உட்சவ்வு கழன்று நீரில் அல்லியிலைபோல் மிதக்கும் நிலை. கட்டி தளரத் தொடங்கியதன் அடையாளம். 'பி' என்பது கெட்டிப்பட்ட பொருளுக்கிடையே இன்னும் சேய்க்கட்டிகள் எஞ்சியிருக்கும் நிலை. தளர்ந்ததுபோல் காட்டி மீண்டும் தலைதூக்கக்கூடியது. சி.இ.4-இல் நீர் வற்றி, உள்ளே நூற்கண்டு போன்ற கெட்டிப் பொருள் மட்டும் தெரியும். சி.இ.5-இல் சுவர் சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் ஆகிவிடும். இவ்விரண்டும் உயிர்ப்பற்றவை.

பழைய துனிசிய முறையில் 'இரண்டாம் வகை' எனப்பட்டது புதிய முறையில் சி.இ.3ஏ ஆகும், புதிய முறையின் இரண்டாம் நிலையோ பழைய முறையில் மூன்றாம் வகைக்குள் அடங்கும். ஆகவே வேறிடத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் வெறுமனே 'டைப் 2' என்றிருந்தால் எங்களால் எம்முடிவுக்கும் வர இயலாது. தாளை மட்டும் கொண்டுவராமல், படத்தையோ சி.டி.யையோ கொண்டுவாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேதான். படம் இல்லாதபோது ஸ்கேனை மறுபடியும் எடுக்கச் சொல்வதும் இதனாலேதான். செலவை ஏற்ற வேண்டும் என்பதற்காக அன்று.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சி.இ.1, சி.இ.3ஏ நிலைகளில் கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அல்பெண்டசோல் மாத்திரை மட்டுமே பெரும்பாலும் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் மாத்திரையோடு 'பேர்' எனப்படும் ஊசிமுறைச் சிகிச்சை செய்யலாம். கட்டியைக் குத்தவே கூடாது என்றிருந்த விதியைத் துனிசியக் குழுவினர் 1980-களின் நடுவில், முதலில் ஆடுகளில் சோதித்துப் பார்த்தே மாற்றினர். ஸ்கேனில் பார்த்தபடியே கல்லீரல் திசுவின் ஊடாக நுண்ணிய ஊசியைச் செலுத்தி, நீரை உறிஞ்சி, பித்தநாளத்தோடு கட்டிக்குத் தொடர்பில்லை என்று உறுதிசெய்து, புழுத்தலைகளைக் கொல்லும் கரைசலை உட்செலுத்தி, சற்றுப் பொறுத்து அதையும் உறிஞ்சிவிடுவர். ஒவ்வாமை நேர்ந்தால் உடனே சமாளிக்க மயக்க மருத்துவர் அருகிலேயே இருப்பார். முன்கூட்டியே மாத்திரை கொடுத்திருப்பதால், ஒரு துளி சிந்தினாலும் புதுக் கட்டி முளைக்கும் வாய்ப்பு குறைவு. அன்று சேர்க்கப்பட்ட இளைஞருக்கு இருந்தது சி.இ.1, அவருக்கு இதுவே செய்யப்பட்டது.

சேய்க்கட்டிகள் நிறைந்த சி.இ.2, சி.இ.3பி நிலைகளில் சாதாரண ஊசிமுறை பயனளிக்காது. எத்தனை அறைகளைத்தான் குத்துவது? அங்கு அறுவையோ, அகன்ற குழாய் வைத்து வெளியேற்றும் முறையோ தேவைப்படும். பித்தநாளத்தில் உடைந்த கட்டி, சீழ் பிடித்த கட்டி, அருகிலுள்ள உறுப்பை அழுத்தும் கட்டி ஆகியவற்றுக்கும் அறுவையே வழி. நுரையீரல் கட்டிக்கு ஊசிமுறை கூடாது. சி.இ.4, சி.இ.5 நிலைகளில் தொல்லை ஏதுமில்லையெனில் கவனித்திருப்பதே சிகிச்சை. அம்மையாருக்கு இருந்தது சி.இ.5. இறந்துபோன ஒன்றை எடுப்பதற்காக உயிருள்ள கல்லீரலை வெட்டுவது முறையன்று. அறுபத்துநான்கு வயதென்ன, முப்பது வயதினருக்கு இருந்திருந்தாலும் அதையே கூறியிருப்போம்.

'அப்படியே விடுதல்' வேறு, 'கவனித்திருத்தல்' வேறு. ஆறு மாதத்திற்கு ஒரு முறை, பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் செய்து, குறைந்தது ஐந்தாண்டுகள் தொடர வேண்டும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. இத்தாலியின் பவியா, ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் கண்டது இது: தானாகவே உயிர்ப்பற்ற நிலையை அடைந்த கட்டி மீண்டும் விழிப்பது அரிது, மாத்திரையால் அந்நிலைக்குத் தள்ளப்பட்ட கட்டி விழித்துக்கொள்வது அதைவிட அதிகம். எனவே மாத்திரை முடித்து 'கட்டி காய்ந்துவிட்டது' என்று கேட்டவுடன் வராமல் நின்றுவிடுபவர்களைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி. இரத்தப் பரிசோதனையைக் கொண்டும் நாங்கள் முடிவெடுப்பதில்லை. கட்டி இருந்தும் அது இல்லையெனக் காட்டலாம். நோய் நீங்கிய பின்னும் பல ஆண்டுகள் உண்டெனக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

மாத்திரையைப் பற்றி ஒரு பத்தி. பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்று கொடுக்கிறார்களே, அதே அல்பெண்டசோல்தான் இது. அதனாலேயே சிலர் 'பூச்சி மாத்திரைதானே, ஒன்று போட்டால் போதாதா' என்று பாதியில் நிறுத்திவிடுகின்றனர். குடலிலுள்ள புழுவுக்கு ஒன்று போதும். கல்லீரலுக்குள் தடித்த சுவரின் பின்னே இருக்கும் கட்டிக்கு நாள்தோறும் இருவேளை வீதம் மூன்று முதல் ஆறு மாதம் வரை, இடைவிடாமல் வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். சற்று நெய்யோ எண்ணெயோ சேர்ந்த உணவோடு உண்டால் ஐந்து மடங்கு வரை மிகுதியாக உட்கவரப்படும். எங்கள் நோயாளி ஒருவர் மூன்று மாதம் தவறாமல் விழுங்கியும் கட்டி அசையவில்லை. விசாரித்தபோது, மருந்து 'சூடு' என்று அதிகாலையில் வெறும் மோரோடு உண்டு வந்தது தெரிந்தது. மாத்திரைக் காலத்தில் கல்லீரல் நொதிகளையும் வெள்ளை அணுக்களையும் இரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுடி சற்று உதிரலாம், நிறுத்தியபின் வளர்ந்துவிடும். கருவுற்றிருப்பவரும், கருவுற எண்ணியிருப்பவரும் முதல் நாளே எங்களிடம் கூறிவிட வேண்டும்.

காத்திருப்போரும் மாத்திரை உண்போரும் எந்நேரமாயினும் அவசரப் பிரிவுக்கு வரவேண்டிய அறிகுறிகள் உண்டு: திடீரென்று கடும் வயிற்றுவலி, உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம், கண் மஞ்சளாதல், குளிரோடு காய்ச்சல். நுரையீரலில் கட்டி உள்ளவர் இருமும்போது உப்புக்கரிக்கும் நீரும் திராட்சைத் தோல் போன்ற சவ்வும் வெளிவந்தால் கட்டி உடைந்துவிட்டது என்று பொருள். வரும்போது 'ஹைடாடிட் கட்டி இருக்கிறது' என்பதை முதல் வார்த்தையாகக் கூறுங்கள்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைக்கலாகாது. மேற்கூறிய வழிமுறைகளில் பெரும்பகுதி, பெருந்திரளான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளால் வந்ததன்று. 2010-இல் வெளியான வல்லுநர்களின் ஒருமித்த கருத்தைத் தழுவியது. இது ஏழை நாட்டு இடையர்களின் நோய். பெரிய ஆய்வுகளுக்குப் பணம் தர முன்வருவோர் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு மாநாட்டிலும் அவரவர் நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்த உங்கள் ஸ்கேன் படம் வெறும் படமன்று. அடுத்து வருபவருக்கு என்ன சொல்லலாம் என்பதற்கான சான்றும் அதுவே.

நோயை அடியோடு ஒழித்த நாடுகளும் உண்டு. ஐஸ்லாந்தில் இந்நோய் மிகுந்திருந்தபோது டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராப்பே என்ற விலங்கியல் மருத்துவர் 1863-இல் அங்கு சென்றார். நூறு நாய்களை அறுத்துப் பார்த்ததில் 28 நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. நோய் எப்படி வருகிறது, ஈரலை ஏன் நாய்க்குப் போடக்கூடாது என்று எளிய நடையில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டு, 1864-இல் நாட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நீண்ட குளிர்கால இரவுகளில் படிப்பதற்கு அதிகம் இல்லாத மக்கள் அதைப் படித்தனர், கேட்டும் நடந்தனர். நாய்களைப் பற்றிய சட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. இன்று ஐஸ்லாந்தில் இந்நோய் இல்லை. நியூசிலாந்து 1959-இல் சட்டம் இயற்றித் தொடங்கி, நாய்களுக்குப் புழு மருந்தை முறையாகக் கொடுத்து, 2002-இல் நோய் நீங்கியதாக அறிவித்தது. ஆடுகளுக்கான தடுப்பூசி ஒன்றும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டு அர்ஜென்டினாவில் பயன்படுத்திப் பார்க்கப்பட்டுள்ளது. மனிதருக்குத் தடுப்பூசி இல்லை.

நம் ஊரில் கோயில் கிடாவெட்டு முடிந்ததும் குடலையும், 'நீர் கோத்த' ஈரலையும் ஓரமாக எறிவதைப் பார்த்திருப்பீர்கள். நாய்கள் அதற்காகவே காத்திருக்கும். அவற்றை ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதோ எரிப்பதோ போதும். தெரு ஓரக் கறிக்கடைக்கும் இதுவே பொருந்தும்.

அம்மையாரின் மகனிடம் அன்று இவற்றில் பாதியைத்தான் கூற முடிந்தது. படத்தில் ஓடுபோல் வெளுத்திருந்த கட்டியின் சுவரைக் காட்டி விளக்கியபின் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. எழுந்து கதவருகே சென்றவர் திரும்பி, "வீட்டில் ஒரு நாய் இருக்கிறது டாக்டர். அம்மாதான் சோறு வைப்பார். விரட்டிவிட வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். இக்கட்டி எந்த நாயால், எத்தனை ஆண்டுகளுக்கு முன் வந்ததோ, யாரறிவார். நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பிராசிக்வான்டல் மருந்து கொடுக்கச் சொன்னோம். நாயின் குடலுக்குள் புகுந்த புழு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். நியூசிலாந்தில் ஆறு வாரத்திற்கு ஒருமுறை மருந்து கொடுத்ததன் கணக்கு இதுதான். பச்சை ஈரலும் குடலும் போடாமல் சமைத்ததையே போட வேண்டும், நாயைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்றும் கூறினோம்.

ஆறு மாதம் கழித்து இருவரும் வந்தனர். கட்டியில் மாற்றமில்லை. அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தோம். நாய்க்கு மூன்று முறை மருந்து கொடுத்தாயிற்று என்று அம்மையாரே கூறினார்.